கைக்குழந்தைக்கு எழுதித் தந்த ஸ்கேனைத் தள்ளிப்போடலாமா? – சுங்கை சிப்புட் வட்டாரப் பெற்றோர் விவாத இழை

தமிழ்ப்பள்ளி ஆசிரியை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நம் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இளம் பெற்றோர் பலரிடம் ஒரு பழக்கத்தைக் காண்கிறேன். கிளினிக்கில் குழந்தையைச் சோதிக்கும் மருத்துவர் ஏதோ ஓர் ஐயத்தின் பேரில் ஈப்போவில் ஸ்கேன் எடுக்கச் சொல்லி எழுதித் தருகிறார். வீட்டிலோ, "பிள்ளை நன்றாகத்தானே பால் குடிக்கிறது, கொஞ்சம் வளரட்டும்" என்று முடிவாகித் தெமு ஜன்ஜி அட்டை (வர வேண்டிய தேதியைக் குறித்த அட்டை) அலமாரிக்குள் போய்விடுகிறது. காரணங்களை நான் அறியாமல் இல்லை. ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை; மூத்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை; அட்டையில் மலாயில் எழுதியிருப்பது வீட்டுப் பெரியவர்களுக்குப் புரிவதில்லை. இவை எல்லாவற்றையும்விட, பச்சைப்பிள்ளையின் உடம்பில் கதிர் பாய்ச்சுவார்கள் என்ற அச்சம் பெரிதாக நிற்கிறது.

என் கருத்து இதுதான்: பெரியவர்களுக்கான ஸ்கேன் இரண்டு மாதம் தள்ளிப்போனால் பல வேளைகளில் பெரிய மாற்றம் இல்லை, பிறவிக் குறைகளைத் தேடும் குழந்தை ஸ்கேன் அப்படிப்பட்டதல்ல. சில குறைகளைக் குறிப்பிட்ட வயதுக்குள் பார்த்தால்தான் எளிய சிகிச்சை போதும், வேறு சிலவற்றை அந்த வயதுக்குப் பிறகு அதே கருவியால் பார்க்கவே முடியாது. இதை அறிந்தவர்கள் விளக்கமாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்களும் தயங்காமல் எழுதுங்கள்.

செம்பனைச் சாலை

ஆசிரியை அவர்கள் சொல்வது எங்கள் வீட்டில் நடந்த விஷயம் என்பதால் எழுதுகிறேன். எங்கள் இரண்டாவது மகள் தாயின் வயிற்றில் கடைசிவரை தலை திரும்பாமல், பிட்டம் கீழாக இருந்தவள். அறுவை சிகிச்சை மூலம் பிறந்தாள். அப்படிப் பிறந்த பெண்குழந்தைக்கு இடுப்பு மூட்டை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அப்போது நாங்கள் போய்க்கொண்டிருந்த இடத்தில் ஒருவரும் சொல்லவில்லை. நாப்பி மாற்றும்போது இடது கால் வலது கால் அளவுக்கு விரியாததை என் மனைவி கவனித்துச் சொன்னபோதும், "வளர வளரச் சரியாகிவிடும்" என்றே பதில் வந்தது. நடக்கத் தொடங்கிய பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள். எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் தலை கிண்ணத்தை விட்டு வெளியே நின்றது. மயக்க மருந்து கொடுத்து மூட்டை உள்ளே பொருத்தி, இடுப்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டுப் போட்டார்கள். இப்போது நன்றாக ஓடுகிறாள். ஆனால் கைக்குழந்தைப் பருவத்திலேயே கண்டிருந்தால் வார்ப்பட்டை ஒன்றோடு முடிந்திருக்கும் என்று எலும்பு மருத்துவர் சொன்னதை நான் மறக்கவில்லை. ஸ்கேன் எழுதிக் கொடுக்கப்பட்டும் போகாமல் இருப்பவர்கள், எங்களுக்குக் கிடைக்காத வாய்ப்பைக் கையில் வைத்திருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற எக்ஸ்ரே பணியாளர்

பேராக்கில் அரசு மருத்துவமனைகளின் எக்ஸ்ரே பிரிவில் நெடுங்காலம் வேலை செய்தவன் நான். மருத்துவன் அல்லன், ஆகவே நோயைப் பற்றி முடிவு சொல்ல மாட்டேன். படம் எப்படி உருவாகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

அல்ட்ராசவுண்ட் என்பது நம் காதுக்கு எட்டாத ஒலியை உடலுக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு படம் வரைவது. அதில் கதிர்வீச்சு அறவே இல்லை. முற்றிய எலும்பை அந்த ஒலியால் ஊடுருவ முடியாது. குருத்தெலும்பை ஊடுருவ முடியும். பிறந்த குழந்தையின் உடலில் பல இடங்களில் எலும்பு இன்னும் குருத்தாகவே இருப்பதால், அவை எங்களுக்குத் திறந்து கிடக்கும் சன்னல்கள். மாதங்கள் செல்லச் செல்ல ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும்.

இடுப்பு மூட்டு அவற்றுள் ஒன்று. தொடை எலும்பின் தலை பிறப்பின்போது முழுக்கக் குருத்தாக இருப்பதால் எக்ஸ்ரேயில் தெரிவதே இல்லை. ஏறத்தாழ 4 முதல் 6 மாதத்தில்தான் அதன் நடுவில் எலும்பு உருவாகி எக்ஸ்ரேயில் புள்ளியாகத் தெரியத் தொடங்கும். அதுவரை அல்ட்ராசவுண்டே சரியான கருவி. ஆஸ்திரியாவைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ரைன்ஹார்ட் கிராஃப் 1980-இல் இந்த முறையை வகுத்துத் தந்தார். மூட்டுக் கிண்ணத்தின் கூரை எவ்வளவு சரிவாக இருக்கிறது என்று கோணம் அளப்பார்கள். 60 பாகையோ அதற்கு மேலோ இருந்தால் மூட்டு முதிர்ந்தது என்று பொருள். பிட்டம் கீழாக இருந்த குழந்தைக்கும், பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இடுப்பு மூட்டு விலகும் குறை இருந்த குழந்தைக்கும் பொதுவாக 6 வார வயதை ஒட்டி எடுக்கச் சொல்வார்கள். மிக முன்னதாக எடுத்தால், தானாகவே முதிர்ந்துவிடக்கூடிய மூட்டுகளும் குறையுள்ளவை போலத் தோன்றும். குறை உறுதியானால் பாவ்லிக் வார்ப்பட்டை போட்டு, தொடைகளை மடக்கி விரித்த நிலையில் சில வாரங்கள் வைத்திருப்பார்கள். முதல் 6 மாதத்துக்குள் தொடங்கினால்தான் அது நன்கு பலன் தரும். செம்பனைச் சாலை நண்பரிடம் எலும்பு மருத்துவர் சொன்னதன் பொருள் அதுதான்.

உச்சிக்குழி இன்னொன்று. குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் மூளை அறைகளில் இரத்தக் கசிவு இருக்கிறதா, நீர் கோக்கிறதா என்பதை அந்தக் குழியின் மேல் கருவியை மெல்ல வைத்தே பார்த்துவிடலாம். குழந்தையை இன்குபேட்டரிலிருந்து வெளியே எடுக்கவும் வேண்டியதில்லை. ஒரு வயது முதல் ஒன்றரை வயதுக்குள் அக்குழி மூடிவிடும்; நல்ல படம் கிடைக்கும் காலமோ அதற்கும் முன்பே முடிந்துவிடும். முதுகின் அடிப்பகுதியில் ஆழமான குழியோ மயிர்க்கற்றையோ கட்டியோ உள்ள குழந்தைக்குத் தண்டுவடத்தைப் பார்ப்பதும் முதல் 3, 4 மாதங்களில் அல்ட்ராசவுண்டால் முடியும். அதன் பிறகு காந்தத்தைக் கொண்டு படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. தேவைப்படும், அதற்குப் பெரும்பாலும் மயக்க மருந்தும் தேவைப்படும். ஆக, தள்ளிப்போடுவதால் ஸ்கேனைத் தவிர்த்துவிட முடியாது. எளிய ஸ்கேனுக்குப் பதிலாகக் கடினமான ஸ்கேன் வந்து சேரும்.

அகல்விளக்கு

ஐயா, உங்கள் விளக்கத்துக்கு நன்றி. ஆயினும் மக்களின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடக் கூடாது. 2012-ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு, சிறுவயதில் எக்ஸ்கதிரைப் பல கோணங்களில் பாய்ச்சி எடுக்கும் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டவர்களிடம் இரத்தப் புற்றுநோயும் மூளைக் கட்டியும் கூடுதலாகக் காணப்பட்டதைக் காட்டியது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1950-களில், கருவுற்ற தாய்மாருக்கு எடுத்த எக்ஸ்ரேக்கும் பிள்ளைகளின் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை பிரிட்டன் மருத்துவர் ஆலிஸ் ஸ்டுவர்ட் சுட்டிக்காட்டியபோது மருத்துவ உலகம் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. மருத்துவர் எழுதினார் என்பதற்காகக் கேள்வி கேட்காமல் குழந்தையைக் கருவிக்குள் படுக்க வைப்பதும் பொறுப்பாகாது. "தள்ளிப்போடாதீர்கள்" என்ற ஒரே அறிவுரையை எல்லா ஸ்கேனுக்கும் பொதுவாகச் சொன்னால் அது தவறாகப் புரிந்துகொள்ளப்படும்.

ஓய்வுபெற்ற எக்ஸ்ரே பணியாளர்

அகல்விளக்கு, நீங்கள் குறிப்பிட்ட ஆய்வு உண்மையானது. அதன் அளவையும் சேர்த்துச் சொல்வதே முறை. 10 வயதுக்குட்பட்ட 10,000 பிள்ளைகளுக்குத் தலையில் சி.டி. எடுத்தால், அடுத்த பத்தாண்டுகளில் இரத்தப் புற்றுநோய் ஒன்றும் மூளைக் கட்டி ஒன்றும் கூடுதலாக நேரலாம் என்பது அவர்கள் தந்த மதிப்பீடு. தேவையான இடத்தில் சி.டி. காப்பாற்றும் உயிரோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிது. தேவையில்லாமல் எடுப்பவருக்கு இதுவும் வேண்டாத சுமை. குழந்தைகளுக்குக் கதிரளவைக் குறைக்க 2008-இல் அமெரிக்காவில் கதிர்ப்பட வல்லுநர்கள் தனி இயக்கமே தொடங்கினார்கள்.

ஆனால் மக்கள் எல்லாப் படங்களையும் ஒரே பெயரில் அஞ்சுகிறார்கள் என்பதுதான் என் கவலை. அல்ட்ராசவுண்டிலும், அதே ஒலியால் இதயத்தைப் பார்க்கும் எக்கோவிலும், எம்.ஆர்.ஐ.யிலும் எக்ஸ்கதிர் கிடையாது. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றின் கதிரளவு ஏறத்தாழ 0.02 மில்லிசீவர்ட் (உடலில் சேரும் கதிரை அளக்கும் அலகு). மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் உணவிலிருந்தும் இயற்கையாக நமக்குச் சேர்வது உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் என்னும்போது, அந்த எக்ஸ்ரே மூன்று நாள் இயற்கைக் கதிருக்குச் சமம். தலை சி.டி.யோ 2 மில்லிசீவர்ட் அளவுக்கு வரும். நூறு மடங்கு வேறுபாடு உள்ள இரண்டையும் ஒரே அச்சத்தால் அளக்கக் கூடாது.

வேடிக்கை என்னவென்று சொல்ல மனமில்லை, வேதனை என்றே சொல்கிறேன்: இடுப்பு ஸ்கேனுக்கு வர அஞ்சும் அதே குடும்பம், பிள்ளை ஏணையிலிருந்து விழுந்த அன்று "தலையை ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும்" என்று அவசரப் பிரிவில் மன்றாடுவதை நான் பார்த்திருக்கிறேன். தலையில் அடிபட்ட 42,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வட அமெரிக்காவில் ஆராய்ந்து 2009-இல் வகுத்த விதிகள் இருக்கின்றன. நினைவு தப்பவில்லை, நடத்தை மாறவில்லை, வாந்தி இல்லை, கடுந்தலைவலி இல்லை, மண்டையோடு உடைந்த அடையாளம் இல்லை, விழுந்த உயரமும் பெரிதல்ல என்றால் இரண்டு வயதைக் கடந்த பிள்ளைக்கு ஆபத்து மிக மிகக் குறைவு, கவனித்துக்கொண்டிருந்தாலே போதும். அதனினும் சிறிய குழந்தைக்குச் சோதிக்க வேண்டிய அடையாளங்கள் சற்று வேறு. தலையின் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ வீக்கம் இருந்தால் கட்டாயம் மருத்துவரிடம் காட்ட வேண்டும். "எடுக்காமல் கவனிக்கலாமா?" என்று பெற்றோர் மருத்துவரைக் கேட்பது நல்ல கேள்வி. அந்த அளவில் அகல்விளக்கின் பக்கமே நிற்கிறேன்.

புந்தோங் மருமகள்

இந்த இழையில் கேட்கலாமா என்று தெரியாமலே கேட்கிறேன். கர்ப்பத்தில் எடுத்த ஸ்கேன் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். இப்போது மகனுக்கு இதயத்தில் இரைச்சல் கேட்கிறது, எக்கோ எடுக்க வேண்டும் என்கிறார்கள். மாமியார், "அப்போதே தெரியாத ஓட்டை இப்போது எங்கிருந்து வந்தது? எழுதிக் கொடுத்ததற்கெல்லாம் போக வேண்டாம்" என்கிறார். அவருக்கு என்ன விடை சொல்வது?

குழந்தைப் பிரிவுத் தாதி

தங்கையே, உங்கள் மாமியாரின் கேள்வி நியாயமானது. அவரிடம் பொறுமையாகவே சொல்லுங்கள். கருவிலுள்ள குழந்தை நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. ஆகவே இரத்தம் நுரையீரலைத் தவிர்த்துச் செல்ல, இதயத்தின் மேலறைகளுக்கு இடையே ஒரு திறப்பும், இரு பெருங்குழாய்களுக்கு இடையே ஓர் இணைப்பும் எல்லாக் குழந்தைகளுக்கும் இயற்கையிலேயே இருக்கின்றன. பிறந்த பிறகுதான் அவை மூட வேண்டும். மூடாமல் போகுமா என்பதைக் கருவிலேயே எந்த ஸ்கேனும் சொல்ல முடியாது. கீழறைகளுக்கு இடையிலுள்ள சிறிய துவாரமோ, இருபுறமும் அழுத்தம் சமமாக இருக்கும் கருப்பருவத்தில் கண்ணுக்குத் தப்பிவிடலாம். மேலும், கிளினிக்கில் வழக்கமாகப் பார்ப்பது குழந்தையின் வளர்ச்சி, நீரளவு, நச்சுக்கொடியின் இடம் முதலியவற்றை. 18 முதல் 22 வாரத்துக்குள் உறுப்பு உறுப்பாகப் பார்க்கும் விரிவான ஸ்கேன் வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் பின்னர் ஏமாற்றம் வருகிறது.

பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஏறத்தாழ 8 பேருக்குப் பிறவி இதயக் குறை இருக்கிறது. அவற்றில் மிகுதியானது கீழறைத் துவாரம். சிறியவை பல தாமே மூடிக்கொள்கின்றன. எக்கோ எடுப்பது அறுவைக்கு முன்னேற்பாடு என்று அஞ்ச வேண்டாம். "ஒன்றும் செய்ய வேண்டாம், மீண்டும் வந்து காட்டுங்கள்" என்று சொல்வதற்கும் அந்தப் படம்தான் வேண்டும். குழந்தை பால் குடிக்கும்போது வியர்த்தாலோ, மூச்சு வாங்கினாலோ, எடை கூடாமல் இருந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ கொடுத்த தேதிவரை காத்திருக்காதீர்கள்.

லயத்துப் பாட்டி (பேத்தி தட்டச்சு செய்கிறாள்)

பிள்ளையின் காலை நேராக நீட்டித் துணியில் இறுகச் சுற்றினால் கால் வளையாது என்று எங்கள் காலத்தில் எல்லோரும் செய்தோம். அதுவும் இடுப்புக்குக் கெடுதலா? தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

ஓய்வுபெற்ற எக்ஸ்ரே பணியாளர்

ஆம் அம்மா. தொடை நீட்டி இறுகக் கட்டுவது மூட்டை வெளியே தள்ளும். ஜப்பானில் 1970-களில் இப்பழக்கத்தைக் கைவிடச் சொல்லி நாடு முழுவதும் தாய்மாருக்குக் கற்பித்த பிறகு இக்குறை பெரிதும் குறைந்தது. கையையும் மார்பையும் சுற்றிவிட்டு, இடுப்புக்குக் கீழே காலை மடக்கி விரிக்க இடம் விட்டால் போதும். நம் பெண்கள் கழுத்து நின்ற பிள்ளையை இடுப்பில் கால் விரித்து உட்கார வைத்துத் தூக்கும் வழக்கம் மூட்டுக்கு மிக நல்லது, அதை விடாதீர்கள்.

குழந்தைப் பிரிவுத் தாதி

ஆசிரியை அவர்களின் முதல் பதிவுக்குத் திரும்புகிறேன். குறிப்பிட்ட வயதுக்குள் பார்க்க வேண்டியவற்றில் என்னை மிகவும் அலைக்கழிப்பது பித்தநாள அடைப்புதான். அதைப் பற்றி இங்கே இன்னும் எவரும் எழுதவில்லை.

நம் ஊரில் பிறந்த குழந்தைக்கு மஞ்சள் என்றால் எவரும் பதறுவதில்லை. பெரும்பாலானோருக்கு அது தானே இறங்கிவிடும். ஆனால் நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு 14 நாளைக் கடந்தும் மஞ்சள் இருந்தால் இரத்தம் எடுத்து, அது எந்த வகை என்று பார்த்தே ஆக வேண்டும். மலம் வெளிறி, களிமண் நிறத்திலோ சுண்ணாம்பு நிறத்திலோ போனால், சிறுநீர் துணியில் மஞ்சள் கறையாகப் பிடித்தால், அன்றே வர வேண்டும். கல்லீரலிலிருந்து பித்தநீர் குடலுக்கு வரும் பாதை அடைபட்டிருக்கலாம். ஜப்பானிய அறுவை மருத்துவர் மோரியோ கசாய் 1950-களில் உருவாக்கிய அறுவையில், குடலின் ஒரு பகுதியை மேலே கொண்டுவந்து கல்லீரலோடு நேரடியாக இணைப்பார்கள். 60 நாள் வயதுக்குள் செய்தால் பித்தநீர் மீண்டும் ஓடும் வாய்ப்பு அதிகம். நாள் செல்லச் செல்லக் கல்லீரல் தழும்பேறி அந்த வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும். பிறகு கல்லீரல் மாற்றுச் சிகிச்சை ஒன்றே வழி.

இதற்கான அல்ட்ராசவுண்டுக்குக் குழந்தையைச் சில மணி நேரம் பால் கொடுக்காமல் கொண்டுவரச் சொல்வார்கள். பால் குடித்தால் பித்தப்பை சுருங்கிவிடும். பின்னர் அது பிறவியிலேயே சிறியதா, பால் குடித்ததால் சுருங்கியதா என்று பிரித்தறிய முடியாது. அழுகிறதே என்று இரக்கப்பட்டு வழியில் காரிலேயே பால் கொடுத்துவிட்டால் ஸ்கேன் இன்னொரு நாளுக்குப் போய்விடும். இந்நோயில் ஒவ்வொரு நாளும் விலை மிக்கது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அல்ட்ராசவுண்ட் சரியாக இருக்கிறது என்பதாலேயே அடைப்பு இல்லை என்று ஆகாது. மேற்கொண்டு, கதிர்ப்பொருளை ஊசியில் செலுத்தி எடுக்கும் அணுமருத்துவ ஸ்கேனோ கல்லீரல் திசுச் சோதனையோ கேட்டால், "ஒருமுறை பார்த்தாகிவிட்டதே" என்று நின்றுவிடாதீர்கள்.

தைவானில் 2004 முதல் மலநிறப் படங்கள் அச்சிட்ட அட்டையை எல்லாத் தாய்மாருக்கும் கொடுத்து, நாப்பியில் காண்பதை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். ஒரு கருவியும் இல்லாமல் தாயின் கண்ணாலேயே பல குழந்தைகள் முன்னதாகக் கண்டறியப்பட்டார்கள். நம் ஆயாக் கொட்டகைகளிலும் குழந்தை பராமரிப்பு இல்லங்களிலும் அப்படியோர் அட்டை தொங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அகல்விளக்கு

தாதி அவர்களின் பதிவைப் படித்த பிறகு, நான் எச்சரிக்கை என்று சொன்னது இத்தகைய ஸ்கேனுக்குப் பொருந்தாது என்பதைத் தெளிவாகவே எழுதிவிடுகிறேன். இன்னொரு பக்கமும் இருக்கிறது. காத்திருக்க முடியாதவர்கள் கடன் வாங்கித் தனியார் மையத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாமா என்று கேட்கிறார்கள். விலை உயர்ந்த கருவியே எல்லாவற்றையும் காட்டிவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது.

குழந்தைப் பிரிவுத் தாதி

எம்.ஆர்.ஐ.க்குக் குழந்தை அசையாமல் நெடுநேரம் படுத்திருக்க வேண்டும், சத்தமும் மிகுதி. சில வாரக் குழந்தைக்கு வயிறு நிறையப் பால் கொடுத்துத் துணியில் பொதிந்து தூங்க வைத்தே எடுத்துவிடலாம். அந்தப் பருவம் போனால் மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். அதற்குக் குழந்தை மயக்க மருத்துவர் இருக்கும் இடமே பாதுகாப்பானது. இடுப்பையோ பித்தப்பையையோ பார்க்க முதற்கருவி எம்.ஆர்.ஐ. அல்ல. ஆகவே, கடன் வாங்கும் முன்பு, பரிந்துரைத்த மருத்துவரிடம் "எதைத் தேடுகிறீர்கள், எத்தனை நாளுக்குள் பார்க்க வேண்டும்?" என்று கேளுங்கள். கொடுத்த தேதி அந்தக் காலத்தைக் கடந்து இருந்தால், கிளினிக்கிலிருந்தே தொலைபேசியில் பேசி முன்தேதி வாங்கச் சொல்லுங்கள். கடிதத்தில் குழந்தையின் வயதை நாள்கணக்கில் எழுதச் சொல்வதும் பயன்படும்.

குடியுரிமைச் சிக்கல் உள்ள நம் பிள்ளைகளுக்கு வெளிநாட்டினர் கட்டணம் கேட்கப்படுவதால் பலர் வராமலே இருந்துவிடுகிறார்கள். பெரிய அரசு மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு இருக்கிறது. கட்டணத்தைக் கண்டு திரும்பிவிடாமல், முதலில் அங்கே போய்ப் பேசுங்கள்.

செம்பனைச் சாலை

என் அக்காள் மகனுக்காக ஒரு கேள்வி. ஐந்து மாதக் குழந்தை. காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று வந்து தேறிவிட்டான். இப்போது அல்ட்ராசவுண்ட் முடிந்து, சில மாதம் கழித்து ஊசி போட்டுச் சிறுநீரக ஸ்கேன் என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். நன்றாகத் தேறியவனுக்கு இது எதற்கு? அதுவும் "தள்ளிப்போடாதே" என்று நாம் எழுதிக்கொண்டிருக்கும்போது, அவர்களே ஏன் தள்ளிக் கொடுக்கிறார்கள்? அக்காள் இப்போது மீண்டும் கருவுற்றிருப்பதால் குழந்தையைத் தூக்கலாமா என்றும் அஞ்சுகிறாள்.

ஓய்வுபெற்ற எக்ஸ்ரே பணியாளர்

இது தொற்றினால் சிறுநீரகத்தில் நிலையான தழும்பு விழுந்திருக்கிறதா என்று பார்க்கும் டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேன். தொற்று நேர்ந்த உடனே எடுத்தால் தற்காலிக வீக்கமும் தழும்பு போலவே தெரியும். அதனால் வேண்டுமென்றே 4 முதல் 6 மாதம் விட்டு எடுப்பார்கள். இங்கே காத்திருப்பதுதான் சரியான காலம். சிறுநீர் பின்னோக்கி ஏறுகிறதா என்று குழாய் வைத்து எடுக்கும் எக்ஸ்ரே வேறு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டுதலுக்குப் பிறகு, முதல் தொற்றுக்கே அதை எல்லோருக்கும் செய்வதில்லை. அல்ட்ராசவுண்டில் குறை தெரிந்தாலோ தொற்று மீண்டும் வந்தாலோதான் கேட்பார்கள்.

ஊசியில் செலுத்துவது டெக்னீசியம் என்ற கதிர்ப்பொருள். அதன் கதிரியக்கம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். உங்கள் அக்காள் கருவுற்றிருப்பதை ஸ்கேனுக்குத் தேதி கொடுத்த இடத்தில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அன்று குழந்தையைக் கொண்டுபோய்ப் பிடித்திருப்பதற்குத் தந்தையோ பாட்டியோ போகட்டும். நெடுநேரம் மடியில் வைத்திருப்பதையும் நாப்பி மாற்றுவதையும் அன்றைக்கு அவர்களே பார்த்துக்கொண்டு, மாற்றிய பின் கையை நன்றாகக் கழுவட்டும். மறுநாள் எப்போதிலிருந்து வழக்கம்போல் தூக்கலாம் என்பதை அங்குள்ள பணியாளர் சொல்வார். தேதியை மாற்ற வேண்டாம்.